மார்கழி இருமலும் ஒரு கிண்ணம் கிழங்கு சூப்பும்

கார்த்திகை பிறந்துவிட்டால் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் பக்கத்திலிருந்து என்னிடம் இருமிக்கொண்டு வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். இருமல் வருவதில் வியப்பில்லை. பனிக்காலத்து அதிகாலையில் காற்று தரையை விட்டு எளிதில் மேலே எழும்பாது. அனல்மின் நிலையச் சாம்பல், லாரிகள் கிளப்பும் புழுதி, குப்பை எரிக்கும் புகை எல்லாம் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பைக்கில் வீடு திரும்புவதும் அதே நேரத்தில்தான்.

என்னை வருத்துவது வேறு. பத்து நாள், பதினைந்து நாள் இழுத்துவிட்டு வருகிறார்கள். "இத்தனை நாளா என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் மாத்திரைப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. சாப்பாடு என்றால் டீ, பன், ரஸ்க். பழம்? "ஐயோ டாக்டர், சளியாச்சே!" கிழங்கு? "அது வாயு டாக்டர்." காய்ச்சலில் வாடும் உடம்புக்குக் கிடைக்க வேண்டியதை நாமே பிடுங்கிவைத்துவிட்டு, மாத்திரை கேட்கவில்லை என்கிறோம்.

மாலை போட்ட வீட்டுக்கும் ஒரு சூப்

இந்த மாதங்களில் இங்கே வீட்டுக்கு வீடு ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். கோழி சூப்பும் நண்டு ரசமும் அடுப்பேறாது. சூப் என்றாலே கறி என்று நினைத்து, நோயாளிக்கு வெறும் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்துவிடுகிறார்கள். கறி, பால், வெண்ணெய் எதுவும் இல்லாமல் நான் எல்லோருக்கும் சொல்லும் பக்குவம் இது.

நாலு பேருக்குக் கால் கிலோ சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இரண்டு கேரட், பாதி பீட்ரூட், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு ஸ்பூன் சிறுபருப்பு. பழத்துக்கு நன்றாகப் பழுத்த கொய்யா ஒன்று. கொய்யாவின் விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்துத் தனியே வையுங்கள். சதையை மட்டும் கிழங்கோடு சேர்த்து, மஞ்சள் தூள் போட்டு, நாலு டம்ளர் தண்ணீரில் குக்கரில் மூன்று விசில் விட்டு, ஆறியதும் அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை, இடித்த மிளகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். இறக்கிய பிறகு, எடுத்துவைத்த விதைப் பகுதியைக் கொஞ்சம் ஆறிய வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். அரை எலுமிச்சம்பழமும் பிழியுங்கள்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். வைட்டமின் சி கொதியில் அழியும். அதனால்தான் வடித்த கொய்யாவும் எலுமிச்சையும் அடுப்பை அணைத்த பிறகு. கேரட்டிலும் மஞ்சள் சதை உள்ள சர்க்கரைவள்ளியிலும் இருக்கும் பீட்டா கரோட்டீன் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்; அதனால்தான் அந்த ஒரு ஸ்பூன் எண்ணெய். கிழங்கில் புரதம் குறைவு என்பதால் சிறுபருப்பு. கொய்யா கிடைக்காவிட்டால் ஆப்பிளோ அன்னாசியோ போடலாம். ஆனால் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு. விலையும் ஆப்பிளைவிடக் குறைவு.

பீட்ரூட் போட்டால் மறுநாள் சிறுநீர் சிவக்கலாம். ரத்தம் என்று பயந்து ஓடிவருகிறார்கள். ஓரிரு நாளில் அது சரியாகிவிடும். பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்தால் அன்றே வாருங்கள்.

பழமும் பாலும் வாயுவும்

பழம் சாப்பிடுவதால் சளி வருவதில்லை. சளி வைரஸால் வருகிறது. பக்கத்தில் இருமியவரிடமிருந்து, அவர் தொட்ட கைப்பிடியிலிருந்து. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழம் சிலருக்குத் தொண்டையைக் கரகரக்க வைக்கும், அதனால் இருமல் வரும். வெளியே வைத்திருந்து கொடுத்தால் தீர்ந்தது. பழத்தைச் சூப்பில் சேர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெட்டி வைத்த பழத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க விடாத பாட்டிகள் சூடான சூப்பைத் தடுப்பதில்லை.

பால் சளியை உண்டாக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. இந்த சூப்பில் பால் இல்லாததற்குக் காரணம், காய்ச்சல் நாக்குக்கும் வயிற்றுக்கும் அது பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதுதான்.

கிழங்கு வாயுதான் என்று சாதிப்பவர்களிடம் எப்படி வேகவைத்தீர்கள் என்று கேட்பேன். அரைவேக்காட்டில் நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பும்தான். குழைய வெந்து, இஞ்சியும் பெருங்காயமும் சேர்ந்த ஒரு கிண்ணம் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. மரவள்ளிக்கிழங்கை மட்டும் இதில் போடாதீர்கள். அதைத் தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சயனைடாக மாறும் பொருள் அதில் இருக்கிறது. சூப்பிலோ வெந்த தண்ணீரையே குடிக்கிறோம்.

இந்த சூப் சளியைக் குணமாக்கும் என்று நான் சொல்லவே இல்லை. வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்பதும் நிரூபணமாகவில்லை. சளி தன் போக்கில் ஒரு வாரம், பத்து நாளில் போகும். அதுவரை உடம்புக்கு நீரும் சத்தும் வேண்டும், தொண்டைக்கு இதமும் வேண்டும். அதற்குத்தான் சூப்.

ஒரு செட் மாத்திரை

"சளிக்கு ஒரு செட் குடுங்க" என்று மெடிக்கலில் கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னால் காய்ச்சல் மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை. பல நேரம் அந்தச் சின்னது ஸ்டீராய்டு. இரண்டே வேளையில் உடம்பு லேசாகிவிட்டது போல இருக்கும். சர்க்கரை ஏறியிருப்பது பிறகுதான் தெரியும். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த மழைக்கு அதே பொட்டலத்தோடு வருகிறீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் என்னால் பொறுமையாகப் பேச முடியவில்லை. ஸ்பூனில் பிராந்தி ஊற்றுகிறார்கள். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிக்கிறார்கள். பாத்திரம் கவிழ்ந்தால் தொடை வெந்து வருகிறது. ஒரு வயதுக்குள் தேன் தடவுகிறார்கள், அது ஆபத்து. மீந்த இருமல் சிரப்பை அக்கா பிள்ளையிடமிருந்து வாங்கித் தம்பி பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்தோமே, அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சளி, இருமல் சிரப் வேண்டவே வேண்டாம் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது.

யார் அளவு பார்க்க வேண்டும்

சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரைவள்ளியைப் பாதியாகக் குறைத்து, அந்த வேளை இட்லியையும் குறையுங்கள். சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்க வேண்டாம்; இதில் பொட்டாசியம் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாக்கெட் சூப் பொடியைத் தொடாதீர்கள், உப்பு மிக அதிகம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலா உள்ளே போனால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் சூப்பை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கும்பிட்டுக் கேட்கிறேன், போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். நம் ஊர்க் காற்று ஏற்கெனவே சுமக்க வேண்டியதைச் சுமக்கிறது. பக்கத்து வீட்டில் இன்ஹேலரோடு ஒரு பெரியவரோ குழந்தையோ இருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மாஸ்க் போடுங்கள். வீட்டில் இருமுகிறவர்களைப் பொங்கல் முடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள், இன்றைக்கே கூட்டி வாருங்கள்.