நாலுகால் கணக்கு!

என் பெண்ணுக்குப் பதினொரு வயசு. ஆறாங்கிளாஸ். 2025 பிப்ரவரியில் ஸ்கூலில் ஒரு புராஜெக்ட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 'என் ஊரில் நான் பார்த்த விலங்குகள்.' குறைந்தபட்சம் பத்து வேண்டுமாம்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? தெருமுனை ஸ்டேஷனரி கடையில் சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். வெட்டி ஒட்டினால் தீர்ந்தது விஷயம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"ஒட்டகச்சிவிங்கியை நீங்க மாம்பலத்துல எங்கே பார்த்தீங்க?" என்றாள் மனைவி.

"அது வந்து... வண்டலூர்ல..."

"ஊர்ல பார்த்ததுதானே கேட்டிருக்காங்க? பதினாலு வருஷமா மெட்ராஸ்ல இருக்கீங்க. ஆபீஸுக்குப் போற ரோடு, வீட்டுக்கு வர்ற ரோடு. இதைத் தவிர உங்களுக்கு என்ன தெரியும்?"

"ரெண்டும் ஒரே ரோடுதாம்மா" என்று உண்மையைச் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் செருப்பு தானாகக் கழன்றுகொண்டது.

(ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. அந்த ஒரே ரோடும் இப்போது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது.)

ஆக, இரண்டாவது சனிக்கிழமை அப்பாவும் பெண்ணும் ஊர் சுற்றுவதாகத் தீர்மானம். தேடினாலும் பத்து தேறாது என்ற பயத்தில், சிலையில் இருக்கும் மிருகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வழங்கினேன். பி.காம். படித்தவனுக்கு எதையும் இரண்டு பத்தியாகப் பிரிக்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் 'சிலை'. வலது பக்கம் 'உயிர்'.

முதல் என்ட்ரி ஜெமினி மேம்பாலம். முன்னங்காலைத் தூக்கித் திமிறும் குதிரையை ஒரு ஆள் இழுத்துப் பிடிக்கிற சிலை. ஆயிரம் தடவை இந்த வழியாக ஸ்கூட்டரில் போயிருக்கிறேன். சிக்னல் எத்தனை செகண்ட் என்று தெரியும். அந்த ஆள் எதற்குக் குதிரையைப் பிடிக்கிறான் என்று மட்டும் தெரியாது.

விசாரித்தால் சுவாரஸ்யமான கதை. 1974-ல் தமிழ்நாட்டில் குதிரை ரேஸை ஒழிக்கச் சட்டம் வந்தது. சம்பளக் கவரை அப்படியே கிண்டியில் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய குடும்பத் தலைவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்த ரேஸை நிறுத்தியதன் ஞாபகார்த்தம்தான் இந்தச் சிலை. அதோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. வழக்கு நடந்து, 1996-ல் சுப்ரீம் கோர்ட் 'குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிண்டியில் நிஜக் குதிரை ஓட, ஜெமினியில் இந்த மனுஷன் பிடித்த பிடியை விடாமல் நின்றார். கடைசியில் 2024-ல் வாடகை பாக்கி விவகாரத்தில் ரேஸ் மைதானத்தின் குத்தகையை அரசாங்கம் ரத்து செய்து சீல் வைத்தது!

"சட்டத்தால நிறுத்த முடியாத குதிரையை வாடகை நிறுத்திடுச்சு பார்த்தியா?" என்றேன். வாடகை வீட்டில் வளரும் பெண். உடனே புரிந்துகொண்டாள்.

அடுத்து தீவுத்திடல் பக்கம், முன்ரோ சிலை. 1820 முதல் 1827 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் முன்ரோ. ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே நேரடியாக வரி வசூலிக்கும் ரயத்துவாரி முறையைப் பரப்பியவர். (எங்கள் டிபார்ட்மென்ட் ஆள்!) 1839-ல் நிறுவிய வெண்கலச் சிலை. கம்பீரமாகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சேணம் கிடையாது, கால் வைக்க அங்கவடி கிடையாது.

ஸ்கூட்டரை ஓரம் கட்டியதும் டிராபிக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். ஃபைன்தான் என்று பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவரோ என் பெண்ணிடம் குனிந்து, "பாப்பா, இதைச் செஞ்ச ஆளு சேணம் வைக்க மறந்துட்டாராம். அந்த அவமானம் தாங்காம உயிரையே விட்டுட்டாராம்" என்றார். என் தாத்தா எனக்குச் சொன்ன அதே கதை!

சுத்தக் கப்ஸா. இதைச் செய்த சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி லண்டனில் நாலாம் ஜார்ஜ் மன்னருக்கும் குதிரைச் சிலை செய்திருக்கிறார். டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. அதிலும் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. வெலிங்டன் பிரபுவுக்குச் செய்ததிலும் அங்கவடி இல்லை. மூன்று தடவையா ஒரு மனுஷன் மறப்பான்? அது அவருடைய பாணி. கான்ஸ்டபிளிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். "சார், வண்டி நோ பார்க்கிங்ல நிக்குது" என்றார். வரலாற்றைவிட அவசரமான விஷயம் என்பதால் கிளம்பிவிட்டோம்.

மெரினா. உழைப்பாளர் சிலை. நாலு பேர் பெரிய பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி, இங்கே ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர். மெரினா காந்தி சிலையும் அவர் செய்ததுதான். இரண்டுமே 1959-ல் வந்தவை. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். 1959-லிருந்து தள்ளுகிறார்கள், பாறை ஓர் அங்குலம் நகரவில்லை. பாவம், மேற்பார்வைக்கு ஒரு மேனேஜர்கூட இல்லை. (நம் ஆபீஸில் பாறை இருக்காது, மேனேஜர்கள் நாலு பேர் இருப்பார்கள்.)

"அப்பா, இதுல மிருகமே இல்லையே?"

உற்றுப் பார்த்தேன். முன்னால் நிற்பவர் தலையில் ஒரு காக்கா. "எழுதிக்கோ."

"எந்தப் பக்கம்? காக்கா உயிர். ஆனா சிலை மேல இருக்கு."

இந்தச் சந்தேகம் சி.ஏ. இன்டரிலேயே வந்திருந்தால் நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன். (பண்ணவில்லை என்பது வேறு விஷயம்.) வலது பக்கம் எழுதினோம்.

மணலில் சவாரிக் குதிரை ஒன்று. சேணம், அங்கவடி, ஜிகினா, கழுத்தில் மணி என்று முன்ரோவிடம் இல்லாத எல்லாம் இதனிடம் இருந்தது. பெண்ணை ஏற்றி ஒரு ரவுண்டு அனுப்பிவிட்டுத் தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் வாங்கி நின்றேன். திரும்பி வந்த குதிரை என் தோளுக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டி, பொட்டலத்தைப் பேப்பரோடு சாப்பிட்டுவிட்டது. "பயப்படாதீங்க சார், காரம் அதுக்கு ஒத்துக்கும்" என்றான் குதிரைக்காரப் பையன். எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஐ.ஐ.டி. குவார்ட்டர்ஸில் இருக்கும் நண்பன் வீடு. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியை எடுத்துத்தான் 1959-ல் ஐ.ஐ.டி.யைக் கட்டினார்கள். மிச்சமிருந்த 270 ஹெக்டேர் 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. பஸ்ஸும் லாரியும் அலறுகிற ஊருக்கு நடுவே காடு! புள்ளிமான் கூட்டம் எங்களைக் கண்டும் காணாமல், ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி ரோட்டைக் கடந்தது. கொஞ்சம் தள்ளி, முறுக்கிய கொம்போடு ஒரு ஆண் வெளிமான். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. திரும்பிப் பார்த்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த நான் ஏனோ ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

நண்பனின் அம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "மான் சாதுப்பா. குரங்குதான் ராட்சசன்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னல் வழியாகக் கை ஒன்று வந்து மைசூர்பாகு தட்டைக் காலி செய்தது. "ஆனா நாமளா எதுவும் போடக் கூடாது. பிளாஸ்டிக் கவரைத் தின்னுட்டுச் செத்துப்போற மானெல்லாம் இருக்கு" என்றார். என் பெண் கையிலிருந்த பிஸ்கட் கவரை மடித்துப் பாவாடைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

வலது பத்தி வேகமாக நிரம்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை. கணக்கு லாபத்தில் ஓடுகிறதே!

ராத்திரிதான் கணக்கு இடித்தது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வரும். 1988-லிருந்து மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, அந்த முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றுகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி நம்மைப் போன்றவர்களையும் கூட்டிப்போகிறார்கள். ஸ்கூட்டரைப் பெசன்ட் நகரில் போட்டுவிட்டு, ஆட்டோவில் நீலாங்கரை போய், அவர்களோடு நடக்க ஆரம்பித்தோம். டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. என் மனைவி வந்திருக்க வேண்டிய இடம்.

அரை மணி நேரத்தில் முதல் ஆமை தெரிந்தது. பெண் ஓடினாள். ஓடியவள் நின்றுவிட்டாள்.

செத்த ஆமை. நாற்பது கிலோ இருக்கும். கண் வெளியே பிதுங்கியிருந்தது.

மாணவர்களில் ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் டிராலர் வலையில் மாட்டினால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அந்த 2025 ஜனவரியில் மட்டும் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பேப்பரில் படித்திருந்தேன். படித்துவிட்டு அடுத்த பக்கம் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்திருந்தேன்.

பெண் நோட்டைத் திறந்தாள். "இதை எந்தப் பக்கம் எழுதறதுப்பா? உயிரா, சிலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பையன் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். அவர்களும் கணக்கு வைத்திருந்தார்கள். எத்தனை குழி, எத்தனை முட்டை, எத்தனை செத்த ஆமை. அதற்கென்று தனியாக ஒரு பத்தி. என் பெண் கீழே உட்கார்ந்து, வலது பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்தாள். அன்று ராத்திரி அந்த மூன்றாவது பத்தியில் ஐந்து என்ட்ரி விழுந்தது.

திருவான்மியூர் தாண்டியதும் மணலில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி ஒன்று. கடலிலிருந்து ஏறி, மறுபடி கடலுக்கே போயிருந்தது. ஆமை வந்துபோன தடம். ஒரு குச்சியால் மணலை மெதுவாகக் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கிய இடத்தில் கையால் தோண்டினார்கள். டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி வெள்ளை முட்டைகள். எண்ணும் வேலை என் பெண்ணுக்கு. நூற்றுப் பதினெட்டு. துணிப்பையில் வைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப்போய், பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, தேதி எழுதிய அட்டையைச் செருகினார்கள்.

விடிகிற நேரம். கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்துப் படியில் உட்கார்ந்தோம். ஹீரோ ஹீரோயின் ஓடிவந்து கட்டிப்பிடிக்க சினிமாக்காரர்கள் கட்டிவைத்த செட் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1930-ல் இந்தக் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியது. சிலைகூட இல்லை. கதவில்லாத ஒரு வெள்ளை வாசல், அவ்வளவுதான்.

"நூத்திப் பதினெட்டு முட்டையை உயிர் பக்கம் எழுதலாமாப்பா?"

அக்கவுன்டன்ஸியில் பாலபாடம் ஒன்று உண்டு. வரக்கூடிய நஷ்டத்தை உடனே எழுது, வரப்போகும் லாபத்தை எழுதாதே. அதிலும் கடலுக்குப் போகும் குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தால் பெரிது என்கிறார்கள். விளக்கிச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டாள். பிறகு பென்சிலை எடுத்து, வலது பக்கம் '118' என்று எழுதிக்கொண்டாள்.

நாற்பத்தெட்டாவது நாள் போன் வந்தது. அதற்குள் பங்குனி மாசமே பிறந்திருந்தது. சாயங்காலம் மூவருமாகப் போனோம். (மனைவியும் வந்தாள். பேசவே இல்லை!) கூடையிலிருந்து மணலில் விட்டதும், உள்ளங்கை அளவுகூட இல்லாத கறுப்புக் குஞ்சுகள் துடுப்புக் காலை அடித்துக்கொண்டு கடலைப் பார்க்க ஓடின. நகரத்து விளக்கு வெளிச்சம் தெரிந்தால் அதைக் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் திரும்பிவிடுமாம். அதற்காக மாணவர்கள் முன்னால் வரிசையாக நின்றார்கள்.

பொரிந்தது நூற்று நாலு. என் பெண் நோட்டைத் திறந்து, '118'-ஐ அழித்துவிட்டு என்னிடம் கையை நீட்டினாள்.

"என்னம்மா?"

"பேனா குடுங்கப்பா."