மண்ணச்சில் பிறந்த பெருங்கலங்கள்

சீனத்தின் மஞ்சளாற்றுச் சமவெளியில் ஏறத்தாழ கி.மு. 1600 முதல் கி.மு. 1046 வரை கோலோச்சியது சாங் அரச மரபு. அதன் இறுதித் தலைநகரின் எச்சங்கள் இன்றைய ஆன்யாங் நகரை ஒட்டிக் கிடக்கின்றன. ஆமையோட்டிலும் எருதின் எலும்பிலும் எழுத்துப் பொறித்துக் குறி கேட்டவர்கள் என்றே சாங் மக்களைப் பலரும் அறிவர். அவர்தம் அறிவின் உச்சம் வெண்கல வார்ப்பிலே உள்ளது என்பேன். அதிலும், மண்ணை அவர்கள் அறிந்திருந்த ஆழத்திலே உள்ளது.

முதலில் களிமண்ணால் கலத்தின் முழு உருவையும் வனைந்தனர். அதன்மேல் ஈரமண்ணை அப்பி அழுத்தி, வடிவம் பதிந்தபின் பல துண்டுகளாக அறுத்துக் கழற்றினர். பிறகு, உள்ளிருந்த உருவைச் சீராகச் சுரண்டினர். சுரண்டிய கனமே கலத்துச் சுவரின் கனம். சுட்ட துண்டுகளைச் சுற்றிலும் பொருத்தி, நடுவே அந்த உட்கருவை நிறுத்தி, இரண்டும் ஒட்டாதிருக்கச் சிறு வெண்கலத் துணுக்குகளைச் செருகி, உருகிய குழம்பை ஊற்றினர். செம்பு உருக 1,085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். வெள்ளீயம் கலந்தால் அது குறையும். ஈயமோ குழம்பை மெல்லிய இடுக்குகளிலும் ஓடச் செய்யும்.

இவ்வளவுக்கும் இடம்கொடுத்தது அந்நிலத்து மஞ்சள் மண். காற்று கொணர்ந்து குவித்த அம்மண்ணில் நுண்துகள் மிகுதி, களிப்பசை குறைவு. ஆதலால் சூளையில் அது அதிகம் சுருங்குவதில்லை. நுண்ணிய கோடும் சிதையாமல் நிற்கும். அச்சுத் துண்டுகள் கூடும் இடத்தில் உலோகம் கசிந்து வடுப்படும். அவ்வடுவை மறைக்க முயலாது, அவ்விடத்திலேயே எடுப்பான விளிம்பை அமைத்து, அதன் இருபுறமும் விலங்கு முகத்தின் கண்களை எதிரெதிரே வைத்தனர். கைவினையின் இடர்ப்பாடே அழகின் இலக்கணமாயிற்று!

1939இல் ஆன்யாங்கில் வெளிப்பட்ட நாற்கால் பெருங்கலம் ஒன்று 832.84 கிலோ எடையுள்ளது. அரசமரபின் தாய் ஒருத்திக்குப் படையலிட வார்த்தது. அத்தனை குழம்பையும் இடையறாது ஊற்றப் பல உலைகளும் ஒழுங்குற்ற பணியாளர் கூட்டமும் தேவைப்பட்டிருக்கும்.

1976இல் ஊ திங் மன்னனின் தேவி பூ ஹாவின் கல்லறை, கொள்ளை போகாத நிலையில் அகழப்பட்டது. வெண்கலப் பொருள்கள் மட்டும் 468. அதே குழியில் பலியிடப்பட்ட மாந்தர் 16 பேரும் கிடந்தனர்; அக்கொடுமையை மறைத்துவிட்டு இக்கலையைப் போற்றுதல் தகாது. கலங்கள் பலவற்றில் தேவியின் பெயர் வார்ப்பிலேயே பதிந்திருந்தது. படை நடத்தியவளாகக் குறியெலும்புகள் கூறும் பெயரும் அதுவே. எழுத்தில் மட்டும் வாழ்ந்த அரசி, இவ்வாறு தன் கலங்களோடு வரலாற்றில் உறுதிபெற்றாள்.