எள்ளு எந்த மண்ணில் விளைஞ்சது? துறைமுகத்தில் கேட்கிறாங்க

அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்கணும். ஊரைத் தாண்டினால் கடலை, எள், மாந்தோப்பு. இன்னும் கொஞ்சம் போனால் ஆந்திரா. 2025 ஜூனில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தபோது, வெளிமாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் எல்லைக்கு எந்தப் பக்கத்து மரம் என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

நாட்டு எல்லையில் இதே கேள்வியைச் சுங்கத்துறை கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லும் தாள்தான் பிறப்பிடச் சான்று. ஏற்றுமதிக்காரர்கள் 'சி.ஓ.ஓ.' என்பார்கள். இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே பொதுவான இறக்குமதி வரி 5 சதவீதம். ஒப்பந்தப் பட்டியலில் வரி நீக்கப்பட்ட சரக்கு, இந்தியாவில் விளைந்தது என்ற சான்றோடு போனால் அந்த வரி கிடையாது. 10 லட்சம் ரூபாய் சரக்கென்றால் 50,000 ரூபாய் மிச்சம். யாருக்கு மிச்சம்? துபாயில் இறக்குமதி செய்பவருக்கு. விலை பேசும்போது நாம் வாய் திறக்காவிட்டால் அதில் ஒரு பைசாகூட அம்மையார்குப்பத்துக்கு வராது.

எங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நம்மகிட்டதான் பி.ஜி.எஸ். சான்று இருக்கே, அது போதாதா?" போதாது. பி.ஜி.எஸ். உள்நாட்டுச் சந்தைக்கானது. இயற்கை விளைபொருள் என்று சொல்லி ஏற்றுமதி செய்ய என்.பி.ஓ.பி. முறையில் அங்ககச் சான்று வேண்டும். அந்த இரண்டும் எப்படி விளைந்தது என்று சொல்கின்றன. பிறப்பிடச் சான்று எந்த நாட்டில் விளைந்தது என்று மட்டும்தான் சொல்லும். யூரியா கொட்டி விளைந்த எள்ளுக்கும் அது கிடைக்கும்.

அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறுமனே நாட்டைச் சொல்வது. அதைக் காட்டி வரி குறையாது. மற்றது ஒப்பந்தப்படி கொடுக்கப்படும் சலுகைச் சான்று. வரியைக் குறைப்பது இதுதான். ஏற்றுமதியாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும், அவரிடம் ஐ.இ.சி. எண் இருக்கணும். வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்ககத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பம் போகும். ஏற்றுமதி ஆய்வு முகமை போன்ற அமைப்புகள் பார்த்துக் கொடுக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமே ஏற்றுமதி செய்தால் அதன் பெயரிலேயே வாங்கலாம்.

இந்தத் தாளை வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு, அடிபட்டவர்களும் உண்டு. மிளகைப் பாருங்கள். வெளிநாட்டு மிளகுக்கு இந்தியாவில் பொதுவான வரி 70 சதவீதம். ஆசியான் ஒப்பந்தத்தில் வரும் வியட்நாம் மிளகுக்கே 50 சதவீதத்தை ஒட்டி. இலங்கை மிளகுக்கோ, 2000-இல் நடப்புக்கு வந்த இருநாட்டு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. சாப்டா ஒப்பந்தத்தில் வந்தால் 8 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் என்ன நடக்கும்? வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கைச் சான்றை மாட்டிக்கொண்டு இங்கே வருகிறது என்று குடகு, கேரள மிளகு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்தது. 2020 செப்டம்பர் 21 முதல் 'கரோட்டார்' விதிகள். இறக்குமதி செய்பவர் தாளை மட்டும் நீட்டித் தப்ப முடியாது. சரக்கு எங்கே, எப்படி உருவானது என்ற விவரம் கையில் இருக்கணும், ஆவணங்களை 5 ஆண்டு பத்திரப்படுத்தணும்.

ஏன் மிளகுக் கதையை எள்ளு விதைக்கிறவங்களுக்குச் சொல்றேன்? போன அறுவடைக்குப் பிறகு ஒரு வியாபாரி எங்கள் குழுவிடம் வந்தார். எள் எங்கள் நிலத்தில் விளைந்தது என்று ஒரு கடிதம் கேட்டார். கொடுக்கலாம், உண்மைதானே. ஆனால் எடை எழுதும் இடத்தைக் காலியாக விடச் சொன்னார். "நாங்க நிரப்பிக்கிறோம்ணா, உங்களுக்கு எதுக்கு சிரமம்?" கிலோவுக்கு 3 ரூபாய் கூடுதலாகவும் தருவதாகச் சொன்னார். கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் 3 ரூபாய் சின்னத் தொகை இல்லை. கூட்டத்தில் சத்தமும் வந்தது. மூத்தவர் ஒருவர்தான் கேட்டார்: "ஏம்பா, நாம போட்டது ரெண்டு டன்னு. அந்தக் காலி எடத்துல எவன் எள்ளு ஏறும்?"

ஆப்பிரிக்க எள் இந்தியாவுக்கு இறக்குமதியாகிறது. இங்கே தோல் நீக்கி வெளியே போகும் எள்ளும் உண்டு. அந்தக் காலி இடத்தில் அது ஏறினால், பிடிபடும் நாளில் விசாரணை கையெழுத்துப் போட்டவனைத் தேடித்தான் வரும். கடிதம் கொடுக்கவில்லை. வியாபாரி போய்விட்டார், எள் செக்குக்குப் போனது, 3 ரூபாய் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டோம். யார் நிலம், சர்வே எண், விதைத்த தேதி, அறுத்த தேதி, எடைச் சீட்டு, எத்தனை மூட்டை யாருக்குப் போனது. அடங்கல் நகலும் கூடவே. அங்ககச் சான்றுக்கு எழுதுகிற அதே பண்ணைப் பதிவேடுதான். இரண்டு பத்தி கூடுதல். இனி கடிதம் கேட்பவருக்கு எடை எழுதிய கடிதம் கிடைக்கும், நகல் நம்மிடம் இருக்கும். சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே வரி எவ்வளவு குறைகிறது என்பதை அவர் சொன்ன பிறகுதான் விலைப் பேச்சு.