கிணற்று நீரும் குழாய் அழுத்தமும்

பினாங்கில் தண்ணீர்மலை என்னும் பெயரே அங்குள்ள அருவியை நமக்கு நினைவூட்டுகிறது. அவ்வருவி நீர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜார்ஜ் டவுன் நகருக்குக் குடிநீராகப் பயன்பட்டது. 1962ஆம் ஆண்டில் ஆயர் ஈத்தாம் அணையும் கட்டி முடிக்கப்பட்டது. அருவியும் அணையும் நகரத்தைவிட உயரத்தில் இருப்பதால், நீர் தன் எடையாலேயே குழாய்களில் அழுத்தம் பெறுகிறது. 10 மீட்டர் உயரம் இருப்பின், சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 14 பவுண்டு அழுத்தம் கிடைக்கும்.

கிணறோ தாழ்வான இடத்தில் உள்ளது. ஆகவே, கிணற்று நீரைக் குழாய்வழி பெறும் வீடுகளில் அவ்வழுத்தத்தைப் பம்பே உண்டாக்க வேண்டும். பம்பின் அருகிலுள்ள அழுத்தத் தொட்டியினுள் ஒரு ரப்பர்ப் பை உண்டு. பைக்குள் நீரும், அதற்கு வெளியே காற்றும் இருக்கும். பம்பு நீரை உள்ளே தள்ளும்போது காற்று நெருக்கப்படுகிறது. பின்னர் நாம் குழாயைத் திறந்தால், அக்காற்றே நீரை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் 20 பவுண்டாகக் குறையும்போது பம்பை இயக்கி, 40 பவுண்டாக உயரும்போது நிறுத்துமாறு சுவிட்ச் அமைக்கப்பட்டிருப்பது பல வீடுகளில் வழக்கம்.

நாளடைவில் தொட்டியின் காற்று குறைந்துவிடும். அப்போது ஒரு குவளை நீர் எடுத்தாலும் பம்பு இயங்கும், உடனே நின்றுவிடும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மோட்டார் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், அது சூடேறி விரைவில் எரிந்துபோகும். பால்வெட்டு முடித்து வீடு திரும்பி அனைவரும் குளிக்கும் வேளையில் நீர் நின்றுவிட்டால் எவ்வளவு தொல்லை! புதிய மோட்டாருக்கான செலவும் குடும்பத்தின் மீதே விழும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. முதலில் மின்சாரத்தை நிறுத்துக. பின்னர்க் குழாயைத் திறந்து, அழுத்தமானி சுழியைக் காட்டும்வரை நீரை வடியவிடுக. மோட்டார் சைக்கிள் டயரின் காற்றை அளக்கும் கருவியைத் தொட்டியின் காற்று வால்வில் வைத்துப் பார்க்க வேண்டும். பம்பு தொடங்கும் அழுத்தத்தைவிடக் காற்று 2 பவுண்டு குறைவாக இருத்தல் வேண்டும். 20 பவுண்டில் தொடங்கும் பம்பிற்கு 18 பவுண்டு. குறைந்திருந்தால் கைப்பம்பினால் காற்றடிக்கலாம். வால்வு வழியே நீர் வெளிப்பட்டால், ரப்பர்ப் பை கிழிந்துவிட்டது என்பது பொருள். அதனை மாற்றியாக வேண்டும்.

நீர் மெதுவாக வருகிறதென்று சுவிட்சின் திருகாணியை நாமே திருகுதல் தவறு. பம்பின் ஆற்றலுக்கு மேல் அழுத்தத்தை உயர்த்தினால், அது நிற்காமல் ஓடிப் பழுதடையும். மேலும், சுவிட்சினுள் மின்கம்பிகள் உள்ளன. அவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

எக்குழாயும் திறக்காதபோது பம்பு இயங்கினால், எங்கோ கசிவு உள்ளது என்று அறிக. கிணற்றின் மேலே அமைந்த பம்பு நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்ச வல்லது. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால், பம்பை நிறுத்தி வைப்பதே நலம்.

அழுத்தம் சீராக இருப்பதனால் மட்டும் நீர் தூய்மையாகிவிடாது. குடிக்கும் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே பருகுதல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அரைமணி நேரம் ஒதுக்கித் தொட்டியின் காற்றைச் சோதிப்போமானால், மோட்டாரும் நீடித்து உழைக்கும். நம் பணமும் மிஞ்சும்.