கூடைப்பந்தாட்டத்தில் தேர்வும் பயிற்சியும்

ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பெருமையை அது வென்ற கிண்ணங்களின் தொகைகொண்டு அளப்போர் பலர். அக்கிண்ணங்களை வென்று தந்த இளைஞர் அக்கல்லூரியிலே யாது கற்றனர், வந்தபோதிருந்த நிலையினின்றும் எவ்வளவு உயர்ந்து வெளிச்சென்றனர் என வினவுவோர் மிகச் சிலரே. ஆற்றல் மிக்காரைத் தேடிக் கொணர்தல் ஒன்று. வந்தாரை ஆற்றல் மிக்காராக ஆக்குதல் மற்றொன்று. முன்னையதைத் தேர்வு எனவும் பின்னையதைப் பயிற்சி எனவும் கூறலாம். இவ்விரண்டிற்குமுள்ள தொடர்பை ஆராய விரும்புவார்க்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டம் மிக ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

இவ்விளையாட்டைத் தோற்றுவித்தவர் ஓர் ஆசிரியர் என்பது முதற்கண் நினைவிற் கொள்ளத்தக்கது. 1891ஆம் ஆண்டிலே, மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்த கிறித்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் பனிக்காலத்திலே மாணாக்கர் மண்டபத்தினுள் ஆடுதற்குரிய ஒரு விளையாட்டை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டே அன்று இலக்காயின. அதே ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற ஹரி குறோ பக் என்பவரே 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர். எனவே, கல்வியின் ஓர் அங்கமாகவே இவ்விளையாட்டுப் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால், காண்போர் தொகை பெருகப் பெருக, நுழைவுக் கட்டணத்தால் வரும் பணமும் பெருகிற்று. பணம் பெருகவே வெற்றியில் வேட்கையும் மிகுந்தது. பயிற்றுநர்கள் ஊரூராகச் சென்று பாடசாலை ஆட்டங்களைப் பார்வையிடவும், உயர்ந்து வளர்ந்த பிள்ளைகளின் இல்லங்களுக்குச் சென்று பெற்றோரை இணக்கவும் தலைப்பட்டனர். 1956இலே, குடும்பத்தின் வறுமையையோ மாணவனின் கல்வித் தகைமையையோ கருதாது, விளையாட்டுத் திறமை ஒன்றற்காகவே புலமைப்பரிசில் வழங்கலாமென அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்தது. பணத்தால் நேர்ந்த கேடு இதற்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1950இல் நியூயோர்க் நகரக் கல்லூரி அந்நாட்டின் இரு பெருஞ் சுற்றுப்போட்டிகளையும் ஒருங்கே வென்றது. அடுத்த ஆண்டிலே அக்குழுவினர் சிலர், சூதாடிகளிடம் பணம்பெற்று வேண்டுமென்றே புள்ளிகளைக் குறைத்து ஆடினர் என்ற குற்றத்தின்பேரிற் கைதாயினர்.

இத்தகைய சூழலிலே பயிற்சியின் வலிமையை உலகறியச் செய்தவர் ஜோன் வூடன். 1910இல் இந்தியானா மாநிலத்திற் பிறந்த இவர், முதலில் உயர்தரப் பாடசாலை ஆங்கில ஆசிரியராக விளங்கியவர். 1948இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் பயிற்றுநராக அமர்ந்தார். தமது பதினாறாவது பருவத்திலேயே, அஃதாவது 1964இலேயே, இவர் முதலாவது தேசிய வெற்றியை ஈட்டினார். அவ்வாண்டுக் குழுவின் முதல் ஐவருள் 6 அடி 5 அங்குலத்திற்கு மேல் உயர்ந்தவர் எவருமிலர். நெட்டையரின்றி வெல்லுதல் அரிதெனக் கருதப்பட்ட இவ்விளையாட்டிலே, எதிரணியினரை ஆடுகளம் முழுவதும் நெருக்கி மறிக்கும் முறையைக் கையாண்டு, ஆடிய 30 ஆட்டங்களையும் அக்குழு வென்றது. 1975இல் ஓய்வு பெறுவதற்குள் இவர் ஈட்டிய தேசிய வெற்றிகள் பத்தாகும்.

வூடனின் முறை யாதெனின், அது நல்லாசிரியர் வகுப்பறையிற் கையாளும் முறையே. பருவத்தின் முதல்நாளிலே, காலுறையையும் சப்பாத்தையும் அணியும் விதத்தையே அவர் கற்பித்தார். காலுறையில் மடிப்பிருந்தால் கொப்புளம் உண்டாகும். கொப்புளம் உண்டானால் பயிற்சி தடைப்படும் என்பது அவர் கூறிய காரணம். இரண்டு மணிநேரப் பயிற்சியைத் திட்டமிடுதற்கு, நாள்தோறும் காலையில் ஏறத்தாழ அவ்வளவு நேரத்தையே துணைப் பயிற்றுநர்களுடன் செலவிட்டார். எத்தனை நிமிடம் எப்பயிற்சி என்பதைச் சிறு அட்டைகளில் எழுதிக் கையில் வைத்திருந்தார். விளக்குதல், செய்து காட்டுதல், செய்வித்தல், மீண்டும் மீண்டும் செய்வித்தல் என்பனவே அவர் கொண்ட படிகள்.

அவரது இறுதிப் பருவமாகிய 1974-75இலே, றொனால்ட் கலிமோர், றோலண்ட் தார்ப் என்னும் உளவியலாளர் இருவர் அவருடைய பயிற்சிகள் பதினைந்தினைக் கண்டு, அவர் கற்பித்தற்பொருட்டுக் கூறியவற்றையும் செய்தவற்றையும் குறித்துக்கொண்டனர். அவ்வாறு குறிக்கப்பட்டவை 2,326. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, இதனை இவ்வாறு செய்க என்னும் அறிவுறுத்தலாகவே இருந்தது. புகழுரை நூற்றுக்கு ஏழினும் குறைவு. வெறுங் கண்டனமும் அவ்வாறே. ஒருவன் தவறியவிடத்து, முதலிற் சரியான முறையையும், அடுத்து அவன் செய்த பிழையான முறையையும், மீண்டும் சரியான முறையையும் சில விநாடிகளுக்குள் ஆடிக் காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடர்வார். மாணவனை வைதலும் வாழ்த்துதலுமே பயிற்றுநர் தொழில் என எண்ணுவார் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

அவ்வாறாயின் தேர்வுக்கு மதிப்பில்லையோ எனின், உண்டு. 1965இலே, ஏழடிக்கு மேல் உயர்ந்த லூ அல்சின்டர் என்னும் நியூயோர்க் இளைஞரை நாடெங்குமுள்ள கல்லூரிகள் நாடின. அவர் லொஸ் ஏஞ்சலிசைத் தேர்ந்தமைக்கு அங்குப் பயின்ற இரு பழைய மாணவரும் துணைநின்றனர். ஒருவர் 1950இற் சமாதானத்திற்கான நோபல் பரிசு பெற்ற றல்ஃப் பன்ச். மற்றவர் அமெரிக்கத் தளக்கட்டுப் பந்தாட்டத்தில் 1947இலே நிறத்தடையைத் தகர்த்த ஜக்கி றொபின்சன். இருவரும் அவ்விளைஞருக்குக் கடிதம் எழுதினர். முதலாம் ஆண்டு மாணவர் தலைமைக் குழுவில் ஆடுதல் அக்காலத்தில் விலக்கப்பட்டிருந்தது. அவ்விதி 1972இலேயே நீங்கிற்று. ஆயினும், அவ்வாண்டு நடந்த காட்சியாட்டமொன்றில், அல்சின்டர் இடம்பெற்ற முதலாமாண்டுக் குழு, இருமுறை தேசிய வெற்றி பெற்றிருந்த தமது கல்லூரித் தலைமைக் குழுவையே 75-60 எனத் தோற்கடித்தது. தேர்வின் ஆற்றலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் அவரது வரலாறு அத்துடன் முடியவில்லை. 1967இலே, பந்தை மேலிருந்து வளையத்தினுள் திணிக்கும் முறை கல்லூரி ஆட்டங்களிலே தடைசெய்யப்பட்டது. உயரத்தின் பயனிற் பெரும்பகுதி இதனால் இழக்கப்பட்டது. இத்தடை உம்மை மேலும் சிறந்த ஆட்டக்காரராக்கும் என வூடன் அவரைத் தேற்றினார். ஒரு கையைத் தலைக்குமேல் வளைத்துப் பந்தை எறியும் தமது முறையை அவர் அக்காலத்திலே செம்மையாக்கிக்கொண்டார். பின்னர்க் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர் பூண்ட அவர், தொழின்முறை ஆட்டத்திலே 38,387 புள்ளிகளை ஈட்டினார். அத்தொகையை 2023ஆம் ஆண்டுவரை எவரும் கடந்திலர்.

எமது கருத்துக்கு இதனினும் பொருத்தமான சான்று ஸ்வென் நேட்டர் என்பவரின் வரலாறு. ஒல்லாந்து நாட்டிற் பிறந்த இவர், சிறியதொரு கல்லூரியிலேயே இவ்விளையாட்டைச் செவ்வனே கற்கத் தொடங்கியவர். வூடன் இவரைச் சேர்த்தபோது பில் வோல்டன் என்னும் பேராற்றல் வாய்ந்தவர் அதே இடத்தில் ஆட இருந்தார். போட்டிகளில் உமக்கு அதிக நேரம் கிட்டாது. ஆனால் நாள்தோறும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரை எதிர்த்துப் பயிலலாம் என வூடன் ஒளிக்காது கூறினார். நேட்டர் கல்லூரிக் காலத்திலே ஓர் ஆட்டத்தையேனும் முதல் ஐவருள் ஒருவராகத் தொடங்கியதில்லை. அவ்வாறிருந்தும் 1973இலே தொழின்முறைச் சங்கத் தெரிவின் முதற்சுற்றிலேயே இடம்பெற்றார். 1979-80 பருவத்தில் வளையத்திற் பட்டு மீளும் பந்தைக் கவர்வதிலே அச்சங்கத்தின் முதல்வரானார். வாங்கிலிருந்த மாணவனுக்கும் கற்பித்ததே அப்பயிற்றுநரின் உண்மையான வெற்றியென நாம் கருதுகின்றோம்.

இவ்வரலாற்றிலே மறுவும் உண்டு. செல்வந்தரான ஆதரவாளரொருவர் ஆட்டக்காரருக்கு விதிக்கு மாறான உதவிகள் செய்துவந்தமை பிற்காலத்திலே வெளியாயிற்று. அத்தகைய உதவிகள் வூடன் காலத்திலேயே நிகழ்ந்தன என்பதும் அறியப்பட்டது. 1981இலே விளையாட்டுச் சங்கம் அப்பல்கலைக்கழகத்தைத் தண்டித்து, 1980இல் அது பெற்றிருந்த இரண்டாம் இடத்தையும் நீக்கியது. கல்லூரிமீது கொண்ட அன்பினாற் கொடுக்கப்படும் பணமும் கல்லூரிக்கு இழுக்கைத் தரக்கூடும் என்பதற்கு இது சான்று.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. 2006ஆம் ஆண்டுத் தெரிவு தொடக்கம், பாடசாலையை விட்டு ஓராண்டு கழியாத அமெரிக்க இளைஞரைத் தொழின்முறைச் சங்கம் ஏற்பதில்லை. ஆதலின் மிகச் சிறந்தார் பலர் கல்லூரியில் ஓராண்டே தங்கிச் செல்கின்றனர். 2021 முதல் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு அளித்துப் பொருளீட்டலாம். கல்லூரி மாறுவோர் ஓராண்டு ஆடாதிருத்தல் வேண்டுமென்ற கட்டுப்பாடும் அவ்வாண்டிலேயே தளர்ந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி, பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தன் விளையாட்டு மாணவர் அனைவருக்குமாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி டொலர்வரை நேரே வழங்கலாம். பன்னெடுங்காலம் நிறுவனங்கள் மாத்திரமே பெற்ற பயனில் உழைத்த மாணவரும் பங்கு பெறுதல் நீதியே. ஆயினும், ஆண்டுதோறும் புதியாரைத் தேடவும், இருப்பாரைப் பிறர் கவராது காக்கவும் பயிற்றுநரின் பொழுது கழியுமாயின், ஒரு மாணவனை நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து உருவாக்குதற்குப் பொழுது எங்ஙனம் கிட்டும்? நேட்டரைப் போன்ற ஒருவர் இன்று வாங்கிலே இரண்டாண்டு காத்திருப்பாரா என்பது ஐயத்திற்குரியது.

பழைய மாணவராகிய எமக்கும் இதிலே சிந்திக்கத்தக்கது உண்டு. விழாக் காலங்களிலே கல்லூரிக்கு ஈவோர், வெளியிலே வளர்ந்த ஆட்டக்காரரை ஈர்ப்பதிலும், நல்ல பயிற்றுநரை நெடுங்காலம் நிலைபெறச் செய்தலையே பெரிதாகக் கொள்ளல் வேண்டும். ஆடுகளத்தைச் செப்பனிடுதலும், கீழ்ப்பிரிவு மாணவருக்குப் பந்தும் சப்பாத்தும் கிடைக்கச் செய்தலும் அதனோடொத்த பணிகளே. பரிசளிப்பு விழாவிலே வென்ற கிண்ணங்களை எண்ணுவதோடமையாது, வாங்கிலிருந்த பிள்ளைகள் இவ்வாண்டு யாது கற்றனர் என்றும் கேட்போமாக.