விழுக்காடு: சொல்லும் பொருளும்

தீபாவளி நெருங்கும் நாள்களில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குத் துணி எடுக்கச் செல்வோரின் கண்ணில் முதலில் படுவது, ‘50 விழுக்காடு கழிவு’ என்பது போன்ற அறிவிப்பாகும். சம்பளச் சீட்டிலும் பால் நிறுவையிலும் இச்சொல் நம்மைத் தொடர்கிறது. இதன் பொருள்தான் என்ன?

சாக்காடு, வேக்காடு, நோக்காடு என்னும் சொற்களில் வினையோடு ‘காடு’ என்னும் ஈறு சேர்ந்து பெயர்ச்சொல்லாகிறது. அவ்வாறே ‘விழு’ என்னும் வினையிலிருந்து விழுக்காடு பிறந்தது. மரங்கள் அடர்ந்த காட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. “பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு விழும்?” என்று நாம் கேட்பதுண்டல்லவா? அவ்வாறு பங்காக விழுவதே விழுக்காடு. நூற்றுக்கு இவ்வளவு என்னும் பொருளில் அச்சொல் இன்று வழங்குகிறது.

சதவீதம் என்பதில் உள்ள ‘சதம்’ வடமொழியில் நூறு ஆகும். மலாய் மொழியின் ‘பெராத்துஸ்’ என்னும் சொல்லில் உள்ள ‘ராத்துஸ்’ என்பதும் நூறே. அவை எண்ணைச் சுட்டுகின்றன. விழுக்காடோ பங்கைச் சுட்டுகிறது.

மரத்திலிருந்து எடுக்கும் பாலில் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு வரை உலர் ரப்பர் இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி நீரே. நேற்று 20 கிலோ பால் கிடைத்து, அதில் 35 விழுக்காடு ரப்பர் இருந்தால், உலர் எடை 7 கிலோ. இன்று மழைநீர் கலந்து 22 கிலோ கிடைத்து, 30 விழுக்காடே இருந்தால், உலர் எடை 6.6 கிலோதான். பால் கூடியும் ரப்பர் குறைந்துவிட்டது. உலர் எடையைக் கொண்டு கூலி கணக்கிடும் தோட்டங்களில் இவ்வேறுபாட்டைத் தொழிலாளர் அறிந்திருப்பது இன்றியமையாதது.

கடையிலும் கவனம் தேவை. 100 வெள்ளிச் சேலைக்கு 50 விழுக்காடு கழிவு, அதன்மேல் மேலும் 20 விழுக்காடு கழிவு என்றால், மொத்தம் 70 விழுக்காடு என்று எண்ணுவது தவறு. முதற்கழிவு போக விலை 50 வெள்ளி. இரண்டாம் கழிவு அந்த ஐம்பதில் 20 விழுக்காடு, அதாவது 10 வெள்ளி. ஆகவே நாம் கொடுக்க வேண்டியது 30 வெள்ளியன்று, 40 வெள்ளி.

எனவே, ‘எத்தனை விழுக்காடு?’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ‘எதில் இத்தனை விழுக்காடு?’ என்றும் கேட்டறிதல் வேண்டும். நிறுவையிடத்திலும் கடையிலும் நமக்கு விழ வேண்டிய பங்கை நாமே கணக்கிட அக்கேள்வி துணைசெய்யும். நம் பிள்ளைகளுக்கும் இதனைக் கற்றுக்கொடுப்போமாக.