ஒயில் சீலும் கசிவின் காரணமும்
உழவு இயந்திரத்து டீசல் எஞ்சினில், கிராங்தண்டு வெளிப்படும் இரு முனைகளிலும் எண்ணெயைத் தடுத்து நிற்பது ஒயில் சீல். கசிவு கண்டதும் சீலையே குற்றஞ்சாட்டுதல் தோற்றத்தைக் காரணமாகக் கொள்ளும் வழுவாகும். இலக்கிய ஆய்விலும் அது அரிதன்று. மூச்சுக்குழாய் அடைபடின் உள்ளமுக்கம் பெருகி, புதிய சீலினூடும் எண்ணெயைத் தள்ளும். ஆதலின் நாம் முதலில் அதனைச் சுத்தஞ் செய்தல் வேண்டும். பின்சீலின் விலை சிறிது. மாற்றும் உழைப்பே பெரிது. இயந்திரத்தை நடுவே பிரித்து, கிளச்சையும் பிளைவீலையும் கழற்றியே அதனை அடையலாம். விதைப்புக் காலத்தில் அவ்வேலை இருமுறை நேரின் விவசாயிக்குப் பருவமே தவறும். பழைய சீலின் உதடு தண்டிற் பள்ளம் அரித்திருப்பின், புதியதன் உதடு அப்பள்ளத்தில் விழாதவாறு சற்று விலக்கிப் பொருத்தலாம்; அன்றேல் தண்டுக்கு மெல்லிய உலோக உறையிடலாம். உதடு எஞ்சினின் உட்புறம் நோக்க, அதில் எண்ணெய் தடவி, சாயாது சமமாக இறக்குதல் வேண்டும்.